சித்தூர் கிழக்கில் ஜாதிக்காயும் மிளகும் வருமா? ஒரே மாநிலத்துக்குள் விவசாயம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

கேள்வி: எருத்தியாம்பதி, சித்தூர் வட்டம்

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்களுக்கு நான்கு ஏக்கர் கரிசல் நிலம் உள்ளது. இரண்டரை ஏக்கரில் பதினெட்டு வயதுத் தென்னை நிற்கிறது. மீதியில் தண்ணீரைப் பொறுத்து நிலக்கடலையோ மக்காச்சோளமோ தக்காளியோ வைக்கிறோம். வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்த பிறகு தேங்காயை மட்டும் நம்பி இருக்க முடியவில்லை.

சென்ற மாதம் திருச்சூர் மாவட்டத்துச் சாலக்குடியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவின் தோப்பில் தென்னைக்குக் கீழே ஜாதிக்காய், தென்னையின் மேல் மிளகுக்கொடி, ஓரமெல்லாம் வாழை என்று ஒரே நிலத்தில் மூன்று நான்கு வருமானம் வருகிறது. எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம்தான். மாநிலமும் ஒன்று, பருவமழையும் ஒன்று. அதையே இங்கும் செய்யலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. சொட்டு நீர் போட்டுத் தண்ணீர் கொடுத்தால் போதாதா? அனுபவம் உள்ளவர்கள் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: கொழிஞ்சாம்பாறை

தம்பி, உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீங்கள் மழையைக் கணக்கில் எடுத்தீர்கள், காற்றை எடுக்கவில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலைத்தொடர் விட்டுப்போன பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாசலில் நாம் இருக்கிறோம். மேல்காற்று மலையில் மோதி உயர்ந்தால்தான் மழையாக இறங்கும். இங்கே மோதுவதற்கு மலை இல்லாததால் ஆடி மாதத்தில் மேகம் தலைக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது, நமக்குக் கிடைப்பது தூறல். கார்த்திகை பிறந்தால் கிழக்கிலிருந்து வறண்ட காற்று தொடங்கி மாசி வரை இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சுகிறது. சாலக்குடிக்காரருக்கு அந்தக் காற்று போய்ச் சேரும்போது வேகமும் வறட்சியும் தணிந்திருக்கும்.

சொட்டு நீர் வேருக்குத்தான் போகிறது. இலையைச் சுற்றியுள்ள காற்றை அது நனைக்காது. பத்து ஆண்டுகளுக்கு முன் நான் நாற்பது ஜாதிக்கன்று வைத்தேன்; இரண்டாவது தை மாதத்தில் ஈரம் இருக்கும்போதே ஓரம் கருகி, மூன்றாவது கோடையில் ஏழு கன்று மிஞ்சியது. நம் பக்கத்தில் கரும்பனை ஏன் இத்தனை நிற்கிறது என்பதற்கும் இதுதான் விடை: அது இந்தக் காற்றைத் தாங்கும் மரம்.

மறுமொழி 2: மண்ணார்க்காடு (வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

மேலே எழுதிய அண்ணன் காற்றைப் பற்றிச் சொன்னது சரி. நான் மழையின் நாள்கணக்கையும் மண்ணையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பலரும் ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. அதில் பெரும்பங்கு இடவப்பாதியில் (ஜூன் தொடக்கத்தில்) தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், அதிலும் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. நீங்கள் கேரள அரசின் கீழ் இருந்தாலும் உங்கள் வானம் பாதி கொங்கு நாட்டு வானம்.

மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை வெயிலில் காய்ந்து நின்ற கொடிக்கு மே, ஜூன் மாதங்களில் இருபது நாளுக்குள் எழுபது மில்லிமீட்டர் மழை கிடைத்தால் தளிரும் பூவும் கிளம்பிவிடும். உங்கள் ஊரில் பல ஆண்டுகளில் அதுகூடக் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பூத்ததிலிருந்து பதினாறு வாரம் மழை விட்டு விட்டாவது தொடர வேண்டும். நடுவில் சில நாள் வறண்டாலே காய்ப்பிடிப்பு குறைந்துவிடுகிறது. திருவாதிரை ஞாற்றுவேலையில் (ஜூன் கடைசியில் வரும் பெருமழை நாட்களில்) கொடி நடும் வழக்கம் அந்த விடாத மழையைக் கண்டு எழுந்த வழக்கம். அந்த மழை இல்லாத இடத்தில் வழக்கத்தை மட்டும் எடுத்து வருவதால் பயன் இல்லை.

மண்ணிலும் இதே வேறுபாடு இருக்கிறது. சாலக்குடியிலும் எங்கள் மண்ணார்க்காட்டிலும் பெருமழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிக்கொண்டு போனதால் செம்புரை மண் புளிப்பாக இருக்கிறது. ஆகவே சுண்ணாம்பு இடச் சொல்கிறோம். உங்கள் கரிசலில் கழுவிச் செல்லும் அளவுக்கு மழை இல்லாததால் சுண்ணாம்பு தங்கியிருக்கிறது. பொதுப் பரிந்துரையைப் படித்துவிட்டு அதில் மேலும் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்கு எட்டாமல் இலை மஞ்சளாகும். கரிசல் ஈரத்தில் உப்பி, வெயிலில் வெடிக்கும்; ஜாதிக்காயின் மேலோட்டமான வேர் அந்த வெடிப்பில் அறுந்துபோகும். நிலக்கடலையும் சோளமும் பருத்தியும் அங்கே நிலைத்ததற்கு இதுவும் காரணம்.

இடத்துக்கு இடம் சொல்லின் பொருள்கூட மாறிவிடுவதை நான் பணியில் இருந்தபோது அடிக்கடி கவனித்திருக்கிறேன். நீங்கள் புஞ்சை என்றால் மானாவாரி மேட்டு நிலம். குட்டநாட்டில் புஞ்சை என்றால் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயலில் வெள்ளத்தை இறைத்து வெளியேற்றிய பின் நடும் நெல். ஒரே சொல்லை இரண்டு நீர்நிலைமைகள் எதிரெதிர்ப் பக்கம் இழுத்துவிட்டன. உங்களுக்கும் மூலத்தறை தடுப்பணை வழியாக வரும் ஆழியாற்று நீர் இல்லாமல் இல்லை. 1970ஆம் ஆண்டு பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவு அணையில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. உண்டு. ஆனால் அது முறை வைத்துத் திறக்கும் நீர். நெல்லும் தென்னையும் அந்த இடைவெளியைத் தாங்கும், மிளகு தாங்காது.

மறுமொழி 3: அகளி, அட்டப்பாடி

மழை எப்படிப் பயிர்முறையை வகுக்கிறது என்று பார்க்க எங்கள் அட்டப்பாடிக்கு ஒரு நாள் வாருங்கள். மேற்கே முக்காலிப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அங்கே பாக்கு, காப்பி, மிளகு. அங்கிருந்து கிழக்கே பேருந்தில் வர வர மலை மொட்டையாகி, ஆனைகட்டிக்கு அருகே மழை ஆயிரத்துக்கும் கீழே போய்விடுகிறது.

அந்தக் கிழக்குச் சரிவில் இருளர் ஊர்களின் பஞ்சக்காட்டில் (மானாவாரிக் கலப்புப் பயிர் நிலத்தில்) கேழ்வரகு, சாமை, தினை, கீரை, துவரை, அவரை எல்லாவற்றையும் ஒரே காட்டில் கலந்து விதைப்பார்கள். மழை முன்பே நின்றுவிட்டால் சாமையாவது வீட்டுக்கு வந்துவிடும். தாமதமாக ஒரு மழை விழுந்தால் ஆழமாக வேர்விட்ட துவரை அதைப் பிடித்துக்கொண்டு தை வரை நிற்கும். அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுக்குப் பயிர் என்பது சாலக்குடிக்காரருக்கு மட்டும் உரியதன்று. அவர்கள் வெயிலைப் பங்கிட அடுக்குகிறார்கள், எங்கள் ஊரார் ஈரத்தைப் பங்கிட அடுக்குகிறார்கள். உங்கள் நிலத்துக்கு இரண்டாவது அடுக்குத்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். தென்னை இல்லாத ஒன்றரை ஏக்கரில் நிலக்கடலையோடு வரிசைக்கு வரிசை துவரை விதைத்துப் பாருங்கள்.

மறுமொழி 4: ஆனைமலை, பொள்ளாச்சி வட்டம்

முழுவதும் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள், ஐயா. எங்கள் ஆனைமலைப் பக்கம் ஆழியாற்றங்கரைத் தோப்புகளில் ஜாதிக்காயும் கோகோவும் நன்றாகக் காய்க்கின்றன. நாங்களும் அதே கணவாயில்தான் இருக்கிறோம். ஆனால் எங்களுக்கு மலையடிவாரம் காற்றைத் தடுக்கிறது, பழைய ஆயக்கட்டு நீர் உண்டு, மரங்கள் முப்பது நாற்பது வயதானவை. உயர்ந்த தென்னைக்குக் கீழே சாய்வாக வெளிச்சம் இறங்குகிறது, மேலே ஓலை சேர்ந்து கூரையாக நிற்பதால் உள்ளே ஈரக்காற்று தங்குகிறது. உங்கள் பதினெட்டு வயதுத் தென்னை நிழல் மிகுந்த பருவத்தில் இருக்கிறது. எட்டிலிருந்து இருபத்தைந்து வயது வரை கீழே பெரும்பாலான பயிர்கள் திணறும். இன்னும் ஏழெட்டு ஆண்டு பொறுப்பது நல்லது. அப்போதும் விதைக்கன்று வாங்காதீர்கள். ஏறக்குறையப் பாதி ஆண் மரமாகிவிடும், அது பூக்கும் வரை தெரியாது. ஒட்டுக்கன்றே வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் மறுமொழிகளைப் படித்துக் காட்டினேன். கிழக்குக் காற்றைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஒன்றரை ஏக்கரில் இந்த ஆடிப்பட்டத்தில் நிலக்கடலையுடன் துவரை விதைக்கிறோம். ஜாதிக்காய் ஆசையை முழுவதும் விடவில்லை: கிணற்றடிக்கு மேற்கே, வீட்டின் மறைவில் ஆறு ஒட்டுக்கன்று மட்டும் வைத்துப் பார்க்க அப்பா இசைந்திருக்கிறார். கிழக்கு வரப்பில் காற்றுத்தடுப்பாகச் சவுக்கு வைப்பதா, அகத்தியும் கிளுவையும் கலந்து வைப்பதா என்று கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: கொழிஞ்சாம்பாறை

சவுக்கு உங்கள் கடலை வரிசையின் ஈரத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். வெளியே கிளுவை, உள்ளே அகத்தி என இரண்டு வரிசை வையுங்கள். கிளுவைப் போத்தை (நடுவதற்கு வெட்டிய கிளையை) புதுமழைக்கு முன்பே ஊன்றிவிடுங்கள். அகத்தியை ஆடியில் விதைத்தால் கார்த்திகைக் காற்றுக்குள் ஆள் உயரம் வந்திருக்கும்.