மார்ட்டென்சைட் எங்கே கருக்கொள்கிறது? விளக்கம் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவொன்றில் பணிபுரியும் நான், எஃகைச் சூடாக்கி எண்ணெயில் குளிர்விக்கையில் ஆஸ்டெனைட் (சூடான எஃகின் படிக வடிவம்) எங்கிருந்து மார்ட்டென்சைட்டாக (விரைந்து குளிர்கையில் உருவாகும் கடினமான படிக வடிவம்) மாறத் தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள முயல்கிறேன்.

1956-இல் செக், டர்ன்புல் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 30 விழுக்காடு நிக்கல் கலந்த இரும்பை நுண்துகள்களாக்கிக் குளிர்வித்தபோது, ஒரே கலவையாக இருந்தும் துகள்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் மாறின; சிறியவற்றுள் பல, கடுங்குளிரிலும் மாறவே இல்லை. எவ்வளவு எளிய, அழகான சோதனை! மாற்றம் எங்கு வேண்டுமானாலும் தொடங்கக்கூடியதானால் எல்லாத் துகள்களும் ஒன்றுபோல மாறியிருக்கும்; ஆகவே, சில துகள்களில் மட்டும் அமையக்கூடிய, படிகத்தில் முன்பே உள்ள குறைகளே தொடக்கப் புள்ளிகள் என்பதை ஏற்கிறேன். டிஸ்லொகேஷன் (படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடு) தொகுதிகள் விரிந்து கருவாகின்றன, அதாவது மார்ட்டென்சைட்டின் முதல் சிறு பகுதியாகின்றன என்று 1976-இல் ஓல்சனும் கோஹனும் விளக்கியதும் பொருந்துகிறது.

என் ஐயம் இதுதான்: எஃகு, மணிகள் (grains) எனப்படும் சிறு படிகங்களால் ஆனது; அவை சிறிதாக இருப்பதால் மணி எல்லைகள் மிகுந்த நுண்மணி எஃகில் கருக்களும் மிகுந்திருக்க வேண்டுமல்லவா? ஆனால், மணிகள் பெரிதாக உள்ள பெருமணி எஃகிலேயே மாற்றம் சற்று உயர்ந்த வெப்பநிலையில் தொடங்குவது ஏன்? அறிந்தவர்கள் தமிழிலோ மலையாளத்திலோ விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.