சாட்ஸ்வொர்த் குடும்பம் (டர்பன், தென்னாப்பிரிக்கா): சிவாவோட சைக்கிள் செயின்

சிவா: மாமா, கடைல புது செயின் போட்டு டியூனிங்கும் பண்ணி 950 ரேண்ட் வாங்கினாங்க. இப்போ கரகரன்னு சத்தம். மேட்டுல அழுத்தினா படக்குனு தாவுது. அமாஷோவா சைக்கிள் ரேஸ் வேற வருது 😩

நாதன் மாமா: தாவுறது எல்லா கியர்லயுமா?

சிவா: இல்ல, நடுவுல ரெண்டு மூணுல மட்டும். ஷிமானோ 10 ஸ்பீட்.

நாதன் மாமா: அப்போ சத்தமும் தாவுறதும் வேற வேற கோளாறுடா. தாவுறதுக்குக் காரணம் கேசட், அதான் பின் சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்கு. நீ அதிகமா ஓட்டுற பல்லு தேஞ்சிருக்கு. பழைய செயினும் கூடவே நீண்டதால இத்தனை நாள் தெரியல. புது செயின் அந்தப் பல்லுல உக்காராது. கியர் கேபிளை எவ்வளவு திருகினாலும் தீராது.
சத்தத்துக்கு, பின்னாடி கியர் மாத்துற டெரெய்லரோட கூண்டை போட்டோ எடுத்துப் போடு.

சிவா: 📷

லோகா அக்கா: ரெண்டு குட்டிச் சக்கரத்துக்கு நடுவுல ஒரு தகட்டு நாக்கு இருக்கு பாரு. செயின் அதுக்குத் தப்பான பக்கமா போயிருக்கு! உரசின இடம் பளபளன்னு தெரியுதே.

நாதன் மாமா: அதேதான். செயினை அறுக்கக்கூட வேண்டாம். கீழ்ச்சக்கர போல்ட்டைக் கழட்டி, மேல் போல்ட்டை லூஸ் பண்ணினா கூண்டு விலகும், செயினைச் சரியான பக்கம் விட்டுடலாம். பத்து நிமிஷ வேலை. ஆனா நீ கை வைக்காதே, அவங்க கண்ணால பாக்கட்டும்.

சித்தி: காசைத் திருப்பிக் கேளு கண்ணா

லோகா அக்கா: முழுசும் கிடைக்காது சித்தி. 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 54: வேலை சரியில்லன்னா திரும்பச் செஞ்சு தரணும், இல்ல நியாயமான ஒரு பங்கைத் திருப்பணும். பிரிவு 57: ரிப்பேர்ல போட்ட பார்ட்டுக்கும் கூலிக்கும் 3 மாசம் வாரண்டி. சத்தம் அதுல வரும். கேசட் தேய்மானம் வராது.

சிவா: அப்போ கேசட் என் செலவா?

நாதன் மாமா: பார்ட் காசு உன்னுது. ஆனா செயின் மாத்தும்போதே கேசட்டையும் பாத்துச் சொல்லியிருக்கணும், அது அவங்க கடமை. அதனால மாட்டுற கூலி கொடுக்காதே. பழைய செயினைக் கேளு. ஒரு பின் நடுவுல ஸ்கேலோட பூஜ்யத்தை வை, அடுத்த பின்ல இருந்து எண்ணினா 24-வது பின் 12 அங்குலத்துல வரணும். அதை 1/16 அங்குலம் தாண்டினாலே செயின் போச்சு. 1/8 அங்குலம் தாண்டியிருந்தா கேசட்டும் போயிருக்கும்னு எந்த மெக்கானிக்குக்கும் தெரியும்.

சிவா: குப்பைல போட்டிருப்பாங்களே

லோகா அக்கா: வேண்டாம்னு நீ சொல்லாதவரை கழட்டின பார்ட்டைத் திருப்பித் தரணும், பிரிவு 67. எல்லாத்தையும் மெசேஜ்ல எழுதிக் கேளு, வாய்ப்பேச்சு நிக்காது. கேசட்டுக்கு முதல்ல எஸ்டிமேட் வாங்கு. மசியலன்னா நுகர்வோர் புகாரை விசாரிக்கிற ஓம்பட்கிட்ட போலாம், ஃபீஸ் கிடையாது.

நாதன் மாமா: கேசட்டைப் பிடிக்கிற லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர்ல முறுக்கச் சொல்லு, டெரெய்லரைத் தாங்குற ஹேங்கர் வளைஞ்சிருக்கான்னும் பாக்கச் சொல்லு. கடை வாசல் ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிச்சுப் பாத்துட்டு அப்புறம் காசை எடு.

சித்தி: ஹெல்மெட் போட்டுக்கோ