பழையாறு முகத்துவாரத்தில் ஃப்ளை தூண்டில்: எந்த மாதம், எப்படிப்பட்ட வழிகாட்டி?

மயிலாடுதுறைவாசி:
மலையோடை டிரவுட் மீனுக்காக வாங்கிய ஐந்தாம் எண் ஃப்ளை கோல் (இறகு, நூலால் கட்டிய போலி இரையை வீசும் தூண்டில் கோல்) என்னிடம் இருக்கிறது. பழையாறு ஊரருகே, கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் கொடுவா மீன் பிடிக்க ஆசை. எப்போது போகலாம்? படகுக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

கொள்ளிடக்கரை:
தம்பி, அந்தக் கோல் கொடுவாவுக்குத் தாங்காது. எண் கூடினால் கோலின் வலுவும் கூடும்; எட்டாம் எண் கோலும், உப்புநீருக்கேற்ற ரீலும் (நூல் சுற்றும் உருளை) வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் கலங்கி ஓடும், வேண்டாம். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்திருக்கும்.

படகுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கட்டணம் அல்ல, நீர் வற்றும் நேரம். வற்றும்போது இறாலும் மடவைக் குஞ்சும் வாய்க்காலிலிருந்து வெளியே வரும். கொடுவா அந்த வாயிலில்தான் காத்திருக்கும். “எப்போது வந்தாலும் மீன் உண்டு” என்பவரை நான் நம்பமாட்டேன். செவுள் மூடியின் விளிம்பு விரலை அறுத்துவிடும். கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்குங்கள்.

முத்துப்பேட்டையான்:
எங்கள் பக்கம் வருவதானால், அலையாத்திக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அதைப் பற்றிப் பேசாதவருக்கு முன்பணம் தராதீர்கள்.

மயிலாடுதுறைவாசி:
நன்றி அண்ணா. பெரிய மீன் மாட்டினால் வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

கொள்ளிடக்கரை:
தயவுசெய்து விட்டுவிடுங்கள். கொடுவா முதலில் ஆணாகப் பருவமடைந்து பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். கொக்கி முனையருகே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் எளிதில் கழற்றலாம். குழம்புக்கு நடுத்தர மீன் ஒன்று போதும்.