வைரஸ் தொற்றும் பல ஆண்டுகள் கழித்து வந்த புற்றுநோயும்: மலைவாசிகளின் அனுபவங்கள்

கீழ்மலைத் தம்பி, தாண்டிக்குடி:
அக்காவின் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு, உடலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸ்தான் காரணம் என்று மதுரை மருத்துவர் கூறினார். "அது எனக்கு எப்போது வந்தது?" என்று அக்கா கேட்டதும், மாமா சுவரில் தொங்கிய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு தொற்றியதாகவும் இருக்கலாம், யார் மூலம் என்று கண்டறிய வழியில்லை என மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சிகிச்சை முடிந்து அக்கா நலமாக இருக்கிறார். ஆனால் அந்தக் கேள்வியைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. இத்தனை காலம் உறங்கிக் கிடந்த ஒரு கிருமியால் வீட்டுக்குள் இப்படியொரு மௌனம் வர வேண்டுமா?

மன்னவனூரான்:
மதுவையே தொடாத என் தந்தை கல்லீரல் புற்றுநோயால் இறந்தார். துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், "மறைவாகக் குடித்திருப்பார்" என்று அம்மாவின் எதிரிலேயே சொன்னார். இரத்தப் பரிசோதனையில் தெரிந்ததோ கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். பிறக்கும்போதே தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பதை அந்த உறவினருக்குச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தம்பிக்கும் அதே தொற்று இருப்பது பிறகு தெரிந்தது.

ஓய்வுபெற்ற செவிலியர், பெருமாள்மலை:
ஒரு முகாமில், நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிய ஒரு நிமிடத்தில் ஒரு பெண்ணின் கருப்பைவாயில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றத்தைக் காட்டும் வெள்ளைத் திட்டு தெளிவாகத் தெரிந்தது. மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதுவதற்குள், காரட் ஏற்றும் வண்டி போய்விடும் என்று எழுந்து சென்றவர் திரும்ப வரவேயில்லை.

கிருமி இத்தனை காலம் சும்மா உறங்கிக் கிடந்தது என்று தாண்டிக்குடித் தம்பி சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. எச்.பி.வி. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதை அடக்கிவிடும். அடங்காமல் நீடிக்கும் சிலரிடம்தான், அந்த வைரஸின் 16, 18 போன்ற வகைகள் உருவாக்கும் புரதங்கள், உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் பி53 புரதத்தைச் செயலிழக்கச் செய்து, பொதுவாகப் பதினைந்து இருபது ஆண்டுகளில் புற்றுநோய் வரை கொண்டு செல்கின்றன. ஆகவே அது மாமாவின் நடத்தைக்குச் சான்று ஆகாது. இதை அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அக்காவின் மகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் என்றால் எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள், ஆனாலும் 30 வயதுக்குப் பின் அவர் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் நம் திண்டுக்கல் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், இந்த அமிலப் பரிசோதனை செய்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. மன்னவனூர்த் தம்பியின் சகோதரர் கல்லீரல் ஸ்கேனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், அவர் மனைவியும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மன்னவனூரான்:
அவர்களுக்குத் தடுப்பூசி போட்டாயிற்று, செவிலியர் அம்மா. ஆனால் அந்தக் காரட் வண்டிப் பெண் அலட்சியமாகப் போய்விட்டார் என்பதுபோல் எழுதியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. மேல்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு வந்து திரும்பினால் ஒரு நாள் கூலி போய்விடும். வேலை முடிந்த மாலை நேரத்தில் எங்கள் ஊரிலேயே முகாம் வைத்தால், என் தாயே தெருப்பெண்களை அழைத்துக்கொண்டு முதலில் வந்து நிற்பார்.