அடாப்டர் புரதம்: தகவியா, பொருத்தியா?

செல்லின் ஏற்பியையும் உள்ளே செய்தியைக் கடத்தும் புரதங்களையும் சேர்த்துவைப்பது அடாப்டர் புரதம். அதற்குத் தமிழில் ‘தகவி’, ‘இணைப்பி’ என்று யோசனைகள் வந்தன. ‘தகவி’ மின்கருவிகளுக்குச் சரி. நோயெதிர்ப்பியலில் அது இடறும். ‘தகவமைப்பு நோயெதிர்ப்பு’ என்ற சொல் இங்கே ஏற்கெனவே குடியேறிவிட்டது. டி செல்லும் பி செல்லும் செய்கிற வேலை அது. மைடி-88 என்ற அடாப்டர் புரதத்தைத் தகவி என்றால், படிக்கிறவர் அதையும் அந்தக் கணக்கில் எழுதிவிடுவார். அதுவோ முதன்மையாக உள்ளார்ந்த நோயெதிர்ப்பின், அதாவது பிறவியிலேயே உள்ள எதிர்ப்பின், ஆள்.

‘இணைப்பி’ தவறில்லை, ஆனால் போதாது. எலியின் என்.கே. (இயற்கைக் கொல்லி) செல்லில் உள்ள என்கேஜி2டி ஏற்பியைப் பாருங்கள். சமிக்ஞை அனுப்பத் தேவையான வரிசை எதுவும் அதன் வாலில் இல்லை. சவ்வுக்குள் புதைந்த பகுதியில் நேர்மின்னூட்டமுள்ள ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அதைக் கொண்டு, எதிர்மின்னூட்டமுள்ள டேப்-10 என்ற அடாப்டர் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனிதரில் கதை இவ்வளவுதான். எலியிலோ நுனியில் 13 அமினோ அமிலங்கள் குறைந்த குட்டை வடிவமும் உண்டு. அது டேப்-10உடனும் சேரும், டேப்-12 என்ற இன்னொரு அடாப்டருடனும் சேரும். முன்னது பிஐ3 கைனேஸ் என்ற நொதியின் பக்கம் இழுக்கும். பின்னது சிக், ஸாப்-70 என்ற வேறு நொதிகளின் பக்கம். ஏற்பி ஒன்றுதான், உள்ளே போகும் செய்தி வேறு. வெறும் கயிறு இதைச் செய்யாது.

அதனால் என் ஓட்டு ‘பொருத்தி’க்கு. இரு முனையிலும் வெவ்வேறு வாய் உள்ள பொருள் என்பது அதில் தொனிக்கிறது. மைடி-88 அப்படியேதான்: ஒரு முனை ஏற்பியின் டிஐஆர் களம் (புரதத்தின் ஒரு பகுதி) என்பதோடு, மறுமுனை ஐராக்-4 என்ற நொதியோடு. அது நொதி அல்ல, ஆனாலும் அதை நீக்கிய எலிகளின் மேக்ரோபேஜ்கள் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) எல்பிஎஸ் என்ற பாக்டீரியாப் பொருள் பட்டும் அழற்சி சைட்டோகைன்களை (அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களை)ச் சுரக்கவில்லை என்று 1999இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் மரபணுக்களை இயக்கும் என்எஃப்-கப்பாபி என்ற புரதம் தாமதமாகவேனும் விழித்தது. எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பியான டிஎல்ஆர்-4க்கு டிரிஃப் என்று இன்னொரு பொருத்தி இருப்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு சிக்கலை நானே சொல்லிவிடுகிறேன். ‘பொருத்தி’ வினையெச்சமும்கூட. “ஏற்பியைப் பொருத்தி அனுப்பும்” என்று எழுதினால் பெயரா வினையா என்று தடுமாறும். தனியாக வரும் இடங்களில் ‘பொருத்துபுரதம்’ எனலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று வராது, பிழைதிருத்துபவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஐராக்-4ஓடு சேரும் மைடி-88இன் அந்த மறுமுனைக்கு ஆங்கிலத்தில் சாவைக் குறிக்கும் பெயர்: ‘டெத் டொமைன்’. ‘சாவுக்களம்’ என்றால் போர்க்கள வாடை அடிக்கிறது. வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?