புதுப்பிப்பு: பினாங்குப் பாலத்தில் நானே கார் ஓட்டியாச்சு

மலேசியாவில் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையில் குடியிருந்துகொண்டு, தீவுக்குப் போகும் பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டப் பயம், தீவுக்குப் போக எப்போதும் தம்பியிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது நானே ஓட்டிப் போகிறேன். எப்படி என்று கேட்டவர்களுக்காக இது.

"கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் போய்விடு" என்ற யோசனையை ஒதுக்கிவிட்டேன் (கண்ணை மூடிக்கொண்டு எங்கே ஓட்டுவதாம்!). படிப்படியாகப் பழகு என்று ஓர் அக்கா சொன்னதுதான் உதவியது. முதலில் தம்பி ஓட்ட, முன்னிருக்கையில் கடலைப் பார்த்தபடியே போனேன். அதற்கு முன்பெல்லாம் கைப்பேசியை நோண்டியே கடந்துவிடுவேன். அப்புறம் ஒரு ஞாயிறு விடியற்காலை, லோரிகள் குறைந்த நேரத்தில், இடது தடத்தில் நானே ஓட்டினேன்.

மொத்தம் 13.5 கிலோமீட்டரில் கடலுக்கு மேல் இருப்பது 8.4தான். எனக்கு எமன் நடுப்பகுதி. கப்பல் போக வழிவிட்டுப் பாலம் அங்கே மேலேறுகிறது. உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. பயம் போகட்டும் என்று காத்திருக்கவில்லை; அதுவும் கூடவே வரட்டும் என்று முன்னால் போன காரின் பின்விளக்கைப் பார்த்தே ஓட்டினேன். இறக்கத்தில் படபடப்பு தானாகவே தணிந்தது. பயந்ததும் விலகிக்கொண்டால் இந்தத் தணிவை மனசு பார்க்கவே முடியாது. பயம் வளர்வதும் அதனால்தான்.

மழையில் இன்னும் ஓட்டவில்லை. 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலத்தைப் பற்றி இப்போதைக்கு யாரும் கேட்காதீர்கள். தம்பிக்குத்தான் வருத்தம், என் செலவில் கிடைத்துவந்த நாசி கண்டார் (கறிக்குழம்பு ஊற்றிய சோறு) போச்சாம்.