ஸ்டெப்னியின் இடத்தில் 120 லிட்டர் துணை டேங்க்: பொருத்தலாமா, கூடாதா?

நெடுவழி:
என்னிடம் இருப்பது தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) மீது அமைந்த, ஏழு இருக்கைகள் கொண்ட பெரிய டீசல் வாகனம். நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உண்டு. அதன் டேங்க் 80 லிட்டர் கொள்ளும். தார்ச்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டரும், டயர்க் காற்றைக் குறைத்து இளமணலில் ஓட்டும்போது ஏறத்தாழ 20 லிட்டரும் செலவாகின்றன. நாங்கள் செல்ல எண்ணியிருக்கும் வழியில் ஒரு முறை நிரப்பிய பிறகு அடுத்து எரிபொருள் கிடைக்க 800 கிலோமீட்டர் போக வேண்டும். அதில் பாதி மணல். அதற்கு 128 லிட்டர் ஆகும். பாதை அடைபட்டுச் சுற்றிப் போக நேர்ந்தால் உதவுவதற்காகக் கால் பங்கைக் கூட்டினால் 160 லிட்டர். ஆகவே சேசிஸின் பின்முனையில், ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் 120 லிட்டர் துணை டேங்க் ஒன்றைப் பொருத்திவிட்டு, ஸ்டெப்னியைப் பின்கதவுக்கு வெளியே, பக்கவாட்டில் திறக்கும் தாங்கியில் மாட்டலாம் என்று நினைக்கிறேன். நான்கு 20 லிட்டர் ஜெர்ரி கேன்களை (கையில் தூக்கும் எரிபொருள் கேன்கள்) கொண்டு போவது மற்றொரு வழி. இரண்டையும் அறிந்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

அச்சாணி:
பொருத்த வேண்டாம் என்பதே என் கருத்து; காரணம் எடை. டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 0.84 கிலோ என்பதால் 120 லிட்டர் என்பது 100 கிலோ. டேங்க், தாங்கிகள், அடிப்பாதுகாப்புத் தகடு ஆகியவற்றுக்கு 35 கிலோ வைத்தால் மொத்தம் 135 கிலோவைத் தாண்டுகிறது. ஆனால் பின் அச்சின் மேல் ஏறும் சுமை இந்த 135 கிலோ மட்டுமன்று. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.85 மீட்டர் தொலைவும், பின் அச்சிலிருந்து டேங்கின் மையம் வரை 1 மீட்டரும் இருந்தால், நெம்புகோல் விதிப்படி பின் அச்சின் மேல் ஏறத்தாழ 184 கிலோ கூடும். முன் அச்சிலிருந்து ஏறத்தாழ 48 கிலோ குறையும். முன்சக்கரங்கள் இலேசானால் சரளைப் பாதையில் ஸ்டியரிங் பிடிப்பும் பிரேக் பிடிப்பும் குறைகின்றன. இதற்கு மேல் ஸ்டெப்னியையும் கனமான இரும்புத் தாங்கியையும் இன்னும் அரை மீட்டர் பின்னே தள்ளுகிறீர்கள்.

வலுவான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஸ்பிரிங் வாகனத்தின் பின்பகுதியைத் தூக்கி நிறுத்துமே ஒழிய, அச்சுக் குழல், சக்கர பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்கும் வரம்பை உயர்த்தாது. பின் அச்சுக்குப் பின்னே சுமை மிகுந்த வாகனம் குண்டும் குழியுமான பாதையில் மீண்டும் மீண்டும் அதிரும்போது, சேசிஸ் சட்டமே வளைந்துபோவதுண்டு.

மணல்மேடு:
நண்பர் அச்சாணி சொன்ன கணக்கில் பிழையில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் எடைபோட்டிருக்கிறார். நான்கு இரும்பு ஜெர்ரி கேன்களில் 80 லிட்டர் டீசல் எடுத்துச் சென்றால், கேன்களையும் சேர்த்து 83 கிலோவுக்குக் குறையாது. அவற்றை எங்கே வைப்பது? பயணிகள் அமரும் கூண்டுக்குள் எரிபொருளை வைக்கவே கூடாது. கூரைக் கேரியரில் வைத்தால் வாகனத்தின் மிக உயரமான இடத்தில் 83 கிலோ நிற்கிறது. பக்கவாட்டுச் சரிவில் கவிழும் அபாயத்தை அதைவிடக் கூட்டுவது வேறொன்றில்லை. கூரைக்கென்று உற்பத்தியாளர் குறிக்கும் சுமை வரம்பு கரடுமுரடான பாதைக்கு இன்னும் குறைவு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்பக்கத் தாங்கியில் மாட்டினாலோ, அச்சாணி அஞ்சுகிற அதே நெம்புகோல் இன்னும் நீளமாகிறது.

துணை டேங்க் என்பதே தவறான யோசனையாக இருந்தால் உற்பத்தியாளர்கள் அதைச் செய்திருக்க மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் விற்ற டொயோட்டா லேண்ட் க்ரூசர் 200 வரிசையில் 93 லிட்டர் முதன்மை டேங்கும் 45 லிட்டர் துணை டேங்கும் தொழிற்சாலையிலிருந்தே வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர் நீளும் கானிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனப் பாதை போன்ற வழிகளில் செல்பவர்களுக்கு இது ஆடம்பரமன்று. மேலும், 120 லிட்டர் கொள்ளும் டேங்கில் 80 லிட்டர் மட்டும் நிரப்புவதை யார் தடுக்கிறார்கள்? சுமை அங்கேயே 34 கிலோ குறைகிறது.

அச்சாணி:
தொழிற்சாலை டேங்கை எடுத்துக்காட்டாகக் காட்டுவது பொருந்தாது. அதன் எடையைக் கணக்கில் கொண்ட பிறகே அந்த வாகனத்தின் அச்சுச் சுமை வரம்பும் மொத்த எடை வரம்பும் குறிக்கப்படுகின்றன. மோதல் சோதனையும் அதை வைத்தே நடக்கிறது. நாம் பிற்பாடு சேர்ப்பதற்கு அந்த இரண்டும் இல்லை. வாகனத்தின் கடைசி முனையில், பின்னால் வருகிற வண்டி மோதும் இடத்தில் எரிபொருளைத் தொங்கவிடுகிறோம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பாதி நிரப்பிய டேங்கினுள் டீசல் அலைபாயும். உள்ளே தடுப்புத் தகடுகள் இல்லையென்றால் ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த அடியை வெல்டிங் தையல்களும் பிராக்கெட்டுகளும் வாங்கிக்கொள்கின்றன.

குழாய்வழி:
பட்டறையில் இத்தகைய வேலையைப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எடையைப் பற்றி இருவரும் பேசிவிட்டீர்கள். நடைமுறையில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் குழாய் இணைப்புதான்.

இரண்டு முறைகள் உள்ளன. முதலாவது, துணை டேங்கிலிருந்து மின்பம்ப் மூலம் முதன்மை டேங்குக்கு டீசலை மாற்றுவது. இன்ஜின் எப்போதும் முதன்மை டேங்கிலிருந்தே குடிக்கும். இரண்டாவது, திசைமாற்றி வால்வு ஒன்றை வைத்து இன்ஜினை இரு டேங்குகளில் எதனோடு வேண்டுமானாலும் இணைப்பது. இன்றைய காமன் ரெயில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும்) டீசல் இன்ஜினில் பம்ப் இழுக்கிற டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி சூடேறி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குத் திரும்புகிறது. வால்வு இழுக்கும் குழாயை மட்டும் மாற்றி, திரும்பும் குழாயை மாற்றாமல் விட்டால், துணை டேங்கிலிருந்து எடுத்த டீசல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் முதன்மை டேங்கில் போய்ச் சேர்ந்து, டேங்கினுள் காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியாக வெளியே வழியும். இரண்டையும் சேர்த்து மாற்றும் ஆறு வாய் வால்வு இருந்தாலும், அதன் ஒரு சீல் கசிந்தால் குழாயில் காற்று புகுந்து இன்ஜின் நின்றுவிடும். ஆகவே டீசல் வாகனத்துக்கு நான் முதல் முறையையே பரிந்துரைப்பேன்.

அதிலும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பம்பை ஓடவிட்டு மறந்தால் முதன்மை டேங்க் நிரம்பி வழிந்து சூடான சைலன்சர் குழாயில் விழக்கூடும். எனவே நேரக்கட்டுப்பாடோ, டேங்க் நிரம்பியதும் பம்பை நிறுத்தும் மிதவைச் சுவிட்சோ தேவை. பம்ப் நின்ற பிறகும் டீசல் தானாக வடியாதபடி ஒருவழி வால்வு தேவை. முதன்மை டேங்க் பாதியாகும்போதே மாற்றத் தொடங்குங்கள். பம்ப் பழுதானால் திரும்பி வரும் அளவுக்கு டீசல் கையில் இருக்கும்.

மூச்சுக்குழாயை எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோய், வாகனம் கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வோடு முடிக்க வேண்டும். வெயிலில் சூடேறிய டேங்க் குளிர்ந்த ஆற்றுநீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. குழாயின் வாய் தாழ்வாக இருந்தால் அது காற்றுக்குப் பதிலாக நீரை உறிஞ்சும். டேங்கில் நீர் தங்கினால் டீசலும் நீரும் சந்திக்கும் பரப்பில் நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். துணை டேங்கை மாதக்கணக்கில் நிரப்பி வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதலாக நேர்கிறது. துத்தநாகம் பூசிய தகடும் செம்புக் குழாயும் டீசலுக்கு ஆகா: துத்தநாகம் டீசலில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து பிசுபிசுப்பான படிவை உண்டாக்கும், செம்பு டீசல் கெடுவதை விரைவாக்கும். அலுமினியம் பூசிய எஃகுத் தகடும் அடர்ந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கும் நல்லவை. பெட்ரோல் வாகனமாக இருந்தால் ஆவியைப் பிடிக்கும் கரிப்பெட்டியோடும் இணைக்க வேண்டும். அது தனிக் கதை.

நெடுவழி:
அனைவருக்கும் நன்றி. இன்னொரு யோசனை தோன்றுகிறது. துணை டேங்கே வேண்டாம் என்று விட்டு, முதன்மை டேங்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் 150 லிட்டர் பெரிய டேங்கைப் பொருத்தினால் என்ன?

அச்சாணி:
அதை நான் மனமார ஆதரிக்கிறேன். அந்த இடம் பின் அச்சுக்கு முன்னே, இரு அச்சுகளுக்கும் நடுவே இருப்பதால் சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. ஸ்டெப்னியும் தன் இடத்திலேயே இருக்கும். உங்களுக்கு வேண்டிய 160 லிட்டரில் குறையும் 10 லிட்டருக்கு அரை கேன் போதும்.

மணல்மேடு:
நான் உடன்படவில்லை. ஒரே டேங்க் என்றால் வழியில் ஓரிடத்தில் வாங்கிய கலப்பட டீசல் 150 லிட்டரையும் கெடுத்துவிடும். இரண்டு டேங்குகள் இருந்தால் ஐயத்துக்குரிய டீசலைத் துணை டேங்கில் தனியே வைத்து, டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டர் வழியாகச் சிறிது சிறிதாக மாற்றலாம். கல் பட்டு ஒன்று ஓட்டையானாலும் மற்றது மிஞ்சும். தொலைவான இடத்தில் இந்தப் பாதுகாப்பைக் கூடுதல் எடைக்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குழாய்வழி:
மணல்மேடு சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பின் அச்சின் சுமை வரம்பில் இடமிருந்தால்தான் அதைப் பேச முடியும். நெடுவழி அவர்களே, எதையும் வாங்கும் முன் பயணத்துக்கு ஏற்றுவது போலவே ஆட்களையும் தண்ணீரையும் கருவிகளையும் ஏற்றி, டேங்கை நிரப்பி, எடைமேடைக்குப் போங்கள். முதலில் முழு வாகனத்தையும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் வாகனத்தின் தகட்டில் பொறித்திருக்கும் வரம்புகளையும் இங்கே எழுதுங்கள். பின் அச்சில் 300 கிலோவுக்கு மேல் மீதமிருந்தால் துணை டேங்கையும் ஸ்டெப்னித் தாங்கியையும் பொருத்த நானே வரைபடம் தருகிறேன்; அதற்குக் குறைவென்றால் பெரிய முதன்மை டேங்கைப் பற்றிப் பேசுவோம்.